கல்லு நடந்திருக்கு, மேடம்

போன மாதம் ஒரு மத்தியான நேரம் ஜாஃபர் போன் செய்தார். நான் வேலை பார்த்த வானியல் ஆய்வகத்தில் இப்போது கணினிப் பிரிவுக்குத் தலைவர் அவர்தான். இருபது வருஷம் எனக்கு எதிர் மேசையில் உட்கார்ந்தவர்.

"செல்விக்கா, ஒரு பஞ்சாயத்து. புதுசா சேந்தவங்க எல்லாரும் எம்மேல கோவமா இருக்காங்க."

"என்ன தம்பி செஞ்சீங்க?"

"நான் எங்க செஞ்சேன்? நம்ம புரோகிராம் செஞ்சது. மூணு கல்லு குடுக்காம ஓட்டுனா நின்னுருதுல்ல? நின்னுட்டு 'எதுல இருந்து?'ன்னு கேக்குதுல்ல? அத எடுத்துட்டு இங்கிலீஷ்ல ஒழுங்கா ஒரு செய்தி போடுங்கங்குறாங்க. முடியாதுன்னுட்டேன். ஏன் முடியாதுன்னு நீங்களே எழுதிக் குடுத்துருங்க. எனக்குக் கதை சொல்ல வராது."

எனக்கு மட்டும் வருமா? முப்பது வருஷத்துக்கு மேல் எண்களோடு மல்லுக்கட்டியவள் நான். ஆனால் அந்தக் கேள்வி திரையில் ஏறியதற்குக் காரணம் நான் செய்த ஒரு தப்பு. தப்புச் செய்தவளே எழுதுவதுதான் முறை.

எங்கள் ஆய்வகம் மதுரை காளவாசலில், ஒரு பாத்திரக்கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருந்தது. வானத்தைப் பார்க்கிறவர்களுக்குக் காளவாசல் சிக்னலில் என்ன வேலை என்று கேட்காத ஆள் கிடையாது. எங்களிடம் தொலைநோக்கி இல்லை. ரேடியோ அலையைப் பிடிக்கும் பெரிய பெரிய தட்டுகள் வேறு வேறு நாடுகளில் இருந்தன. எல்லாத் தட்டுகளும் ஒரே நேரத்தில் ஒரே பொருளைப் பார்த்துப் பதிவு செய்யும். அந்தப் பதிவுகள் எங்களுக்கு வரும். முதலில் கூரியரில் வட்டுகளாக வந்தன, பிறகு இணையத்தில். அவற்றைச் சுத்தம் செய்து, அந்தப் பொருள் வானத்தில் எந்த இடத்தில் இருக்கிறது, போன வருஷத்தைவிட எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று சொல்வது எங்கள் பிழைப்பு. அதற்குப் பகல் போதும். ஒன்பதரைக்குப் போய் ஐந்தரைக்கு வீடு திரும்புகிற வானியல்.

நாங்கள் பார்த்ததெல்லாம் செத்த நட்சத்திரங்கள். பெரிய நட்சத்திரம் ஒன்று எரிபொருள் தீர்ந்து தனக்குள்ளேயே இடிந்து விழுந்து வெடிக்கிறது. சூப்பர்நோவா என்பார்கள். வெளிப்பகுதி சிதறும், நடுப்பகுதி இறுகிப்போய் நியூட்ரான் விண்மீனாகவோ கருந்துளையாகவோ மிஞ்சும். வெடிப்பு எல்லாப் பக்கமும் சமமாக இருக்காது. ஒரு பக்கம் கூடுதலாகத் தெறித்தால், மிஞ்சிய நடுப்பகுதிக்கு எதிர்ப்பக்கம் உதை விழும். தீபாவளிக்கு வெடியின் மேல் கொட்டாங்குச்சியைக் கவிழ்த்துப் பற்றவைத்திருப்பீர்கள். அது நேராக மேலே போய் நான் பார்த்ததில்லை, ஏதாவது ஒரு பக்கம்தான் பறக்கும். நியூட்ரான் விண்மீன்கள் அப்படி உதை வாங்கி நொடிக்குப் பல நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகின்றன. கருந்துளைகள் உதை வாங்குகின்றனவா, இல்லை வெடிக்காமலே எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு அப்படியே பிறக்கின்றனவா என்பதில்தான் சண்டை. அந்தச் சண்டையில் எங்கள் மாடிக்கும் ஒரு பங்கு உண்டு.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பாண்டிச்செல்வி. உசிலம்பட்டிப் பக்கம் எழுமலைக்காரி. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர்கள். மதுரையில் பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் டிப்ளமோ, வடக்கே ஒரு தொலைநோக்கி நிலையத்தில் ஆறு மாதப் பயிற்சி. அந்த ஆறு மாதத்தில் ரசத்துக்கு ஏங்கியதுதான் இன்றும் நன்றாக நினைவிருக்கிறது. பிறகு காளவாசலில் தொழில்நுட்ப உதவியாளர் வேலை. உதவியாளர் பெயர் ஆய்வுக் கட்டுரையில் ஆசிரியராக வராது. கட்டுரை முடிந்த பிறகு 'நன்றி' என்று ஒரு பத்தி இருக்கும், அதில் வரும். பதினெட்டுக் கட்டுரைகளில் எனக்கு நன்றி சொல்லியிருக்கிறார்கள். பதினெட்டையும் வெட்டி எடுத்து ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தேன். ஒருநாள் பெயர் மேலே ஏறும் என்ற ஆசை இருந்தது. இல்லை என்று பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகிறது?

எங்கள் தலைவர் மங்கையர்க்கரசி மேடம். ஒல்லியான உருவம், கஞ்சி போட்ட பருத்திச் சேலை. காலையில் வந்ததும் மூன்று பென்சில்களைப் பிளேடால் சீவி வரிசையாக வைப்பார். யாராவது ஒரு முடிவைக் கொண்டுபோனால் உட்கார்ந்து பார்க்க மாட்டார், எழுந்து நின்றுதான் வாங்குவார். முழுதாகப் படிப்பார். படித்து முடித்ததும் சரி என்றோ தப்பு என்றோ வாயிலிருந்து வராது. பென்சில் முனையை அந்த எண்ணின் மேல் வைத்து ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"எதுல இருந்து?"

அதாவது, இது நகர்ந்திருக்கிறது என்கிறாயே, எதிலிருந்து அளந்தாய்? அந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொன்னால் தாள் நம் கைக்குத் திரும்பி வரும். இழுத்தால் மேசையிலேயே இருக்கும். இது அவருக்கு ஒரு வியாதி மாதிரி. ஒருநாள் ஜாஃபர், "மேடம், இன்னைக்குச் சீக்கிரமே வந்துட்டேன்" என்று பெருமையாகச் சொன்னார். தலையைத் தூக்காமலே, "எதுல இருந்து சீக்கிரம்?" என்றார் மேடம். முந்தின நாள் ஜாஃபர் பதினொரு மணிக்கு வந்திருந்தார்.

அளக்கிற முறையைச் சொல்லிவிடுகிறேன். வானத்தில் ஒரு பொருள் நகர்கிறதா என்று பார்க்க, பக்கத்தில் நகராத ஒரு பொருள் வேண்டும். அதற்குக் குவாசர் என்ற ஒன்றைப் பிடிப்போம். கோடிக்கணக்கான ஒளியாண்டுகளுக்கு அப்பால் இருக்கும் ஒரு விண்மீன் மண்டலத்தின் நடுப்பகுதி அது. அவ்வளவு தூரத்தில் இருப்பதால் அசைந்தாலும் நமக்குத் தெரியாது. இரண்டு நிமிஷம் குவாசர், மூன்று நிமிஷம் நம் பொருள், திரும்ப இரண்டு நிமிஷம் குவாசர் என்று எட்டு மணி நேரம் தட்டுகள் மாறி மாறித் திரும்பிக்கொண்டே இருக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் இதை மேடம் விளக்கியபோது, "சர்வே கல்லு மாதிரிங்களா மேடம்?" என்று கேட்டுவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. "ஆமா, கல்லுதான்" என்றார். அன்றிலிருந்து எங்கள் ஆய்வகத்தில் குவாசருக்குப் பெயர் கல்லு.

எனக்குச் சர்வே கல்லு ஏன் சட்டென்று வாயில் வந்தது என்றால், அதற்கு ஒரு காரணம் உண்டு. எங்களுக்கு முதன்முதலில் வீட்டுமனை என்று மூன்று சென்ட் கிடைத்தபோது, அளக்க வந்தவர் வயல் ஓரத்தில் நின்ற ஒரு கல்லில் சங்கிலியை வைத்து அளந்து கொடுத்துவிட்டுப் போனார். அப்பா மண் குழைத்து வீடு கட்டினார். மூன்று வருஷம் கழித்து இன்னொருவர் வந்து வேறு இரண்டு கற்களிலிருந்து அளந்து பார்த்து, "இந்தக் கல்லு நடந்திருக்கு" என்றார். யாரோ எப்போதோ நகர்த்திய கல். எங்கள் அடுப்படிச் சுவர் பக்கத்து வயலுக்குள் இருந்தது. அந்த வயல்காரரை ஊரில் மேலக்காட்டுக்காரர் என்பார்கள். கல்லை நகர்த்தியது யார் என்று யாரும் விசாரிக்கவில்லை. சுவர் எங்களுடையது, அதனால் நாங்களே இடித்தோம். எனக்கு அப்போது பதினோரு வயது. தம்பி முருகேசன் இடிபாட்டில் விளையாடிக்கொண்டிருந்தான்.

கல்லை வைத்து நாங்கள் ஜெயித்த கதையும் உண்டு. ஒரு நியூட்ரான் விண்மீன், தான் பிறந்த வெடிப்பின் புகைக்கூட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து வருஷம் அதை அளந்தோம். பிறகு அதே வேகத்தில், அதே திசையில் கணக்கைப் பின்னோக்கி ஓட்டினோம். ஆயிரக்கணக்கான வருஷம் பின்னால் போய் அது நின்ற இடம் கூட்டின் நட்டநடு. மேடம் பென்சிலை எடுத்துவிட்டுக் கேள்வியே கேட்கவில்லை. தெருமுனைக் கடையில் சொல்லி எல்லோருக்கும் ஜிகர்தண்டா வரவழைத்தார். எங்கள் மாடியில் அது பெரிய சம்பவம்.

இனி 'கருப்பு' கதை. அது ஒரு கருந்துளை. கூடவே ஒரு சாதாரண நட்சத்திரம், இரண்டும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருந்தன. கருந்துளை அந்த நட்சத்திரத்தின் வாயுவை இழுக்கும்போது ரேடியோ அலை கிளம்பும், அதைத்தான் தட்டுகள் பிடிக்கும். பட்டியலில் அதற்கு இருந்த நீளமான எண்ணை யாரும் சொல்வதில்லை, கருப்பு என்றால் போதும். கருப்பு உதை வாங்கியதா இல்லையா? வருஷத்துக்கு இரண்டு முறை அளந்து பார்ப்பது என்று முடிவானது.

முதல் வருஷம் இரண்டு கற்கள் வைத்திருந்தோம். ஒன்றாம் கல்லு பளிச்சென்று தெரியும். இரண்டாம் கல்லு மங்கல், அதைப் பிடிக்கவே நேரம் ஓடிவிடும். எனக்கு எப்போதுமே பொறுமை குறைச்சல். இரண்டாம் கல்லை எடுத்துவிட்டால் அந்த நேரத்தையும் கருப்புக்கே கொடுக்கலாம், படம் துல்லியமாக வரும் என்று ஒரு குறிப்பு எழுதிக்கொண்டு போனேன். மேடம் நின்றுகொண்டே படித்தார்.

"எதுல இருந்து அளப்பீங்க செல்வி?"

"ஒண்ணாம் கல்லுல இருந்து மேடம். எல்லா நாட்டுலயும் அதத்தான பிடிக்கிறாங்க. படம் போட்டும் பாத்துட்டேன், அச்சுக் குத்துன மாதிரி ஒரே புள்ளி."

இரண்டு நாள் அந்தத் தாள் மேசையில் கிடந்தது. மூன்றாம் நாள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நான் கெட்டிக்காரி என்று எனக்கே தோன்றியது.

ஏழு வருஷம். பதினான்கு முறை அளந்தோம். கருப்பு கிழக்குப் பக்கமாக நகர்ந்துகொண்டே இருந்தது. பெரிய வேகமில்லை. ஆனால் சூரியனோடு நாமும் ஓடுகிறோமே, அதையும் நம் விண்மீன் மண்டலத்தின் சுழற்சியையும் கழித்த பிறகும் மிச்சம் இருந்தது. அந்த மிச்சம்தான் உதை. கருந்துளையும் உதை வாங்கும் என்று எழுதினோம். எழுதி முடித்த அன்று மேடம் என்னைக் கூப்பிட்டார்.

"பதினாலு தடவையும் அளந்தது நீங்க. முதல் பேரு உங்களோடது. ரெண்டாவது ஜாஃபர். நான் கடைசி."

"சரிங்க மேடம்" என்று மட்டும் சொன்னேன். படிக்கட்டில் இறங்கும்போது பாத்திரக்கடைக்காரர், "என்னக்கா, பல்லு எல்லாம் தெரியுது?" என்று கேட்டார்.

கட்டுரையை முதலில் இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி போட்டோம். பிறகு ஒரு ஆய்விதழ் ஏற்றுக்கொண்டது. அச்சுக்குப் போகும் முன் கடைசியாகச் சரிபார்த்து ஒரு திங்கட்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். கூடவே கருப்பின் படம் ஒன்றைத் தெளிவாகக் கேட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம், சாப்பிடப் போகும் அவசரத்தில், பதினான்கு பதிவுகளிலிருந்தும் படம் எடுக்கும்படி கட்டளை தட்டிவிட்டுப் போனேன். எங்கள் புரோகிராமில் கல்லுக்கு எண் ஒன்று, கருப்புக்கு எண் இரண்டு. நான் ஒன்று என்று தட்டியிருந்தேன்.

திரும்பி வந்து பார்த்தால் திரையில் பதினான்கு படமும் கண்ணைப் பறிக்கும் வெளிச்சம். கருப்பு இவ்வளவு பிரகாசமாக இருக்காதே! எண்ணைப் பார்த்தேன். "சீ, கூறுகெட்டவளே" என்று என்னையே திட்டிக்கொண்டு அழிக்கப் போனேன். அழிக்கும் முன் கடைசிப் படத்தில் கண் நின்றது. புள்ளியாக இருக்க வேண்டிய கல்லு புள்ளியாக இல்லை. முளைகட்டிய பாசிப்பயறு போல ஒரு பக்கம் சின்னதாக நீட்டிக்கொண்டிருந்தது.

முதல் படத்துக்குப் போனேன். உருண்டை. நான்காவதில் லேசாக ஒரு புடைப்பு. எட்டாவதில் முளை. பதினான்காவதில் நன்றாகவே வால். சில குவாசர்களின் நடுவிலிருந்து நெருப்புப் பிழம்பு பீறிட்டு வெளியே வரும் என்று எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் முதல் வருஷம் ஒரே ஒரு முறை படம் போட்டுப் பார்த்து, புள்ளிதான் என்று நம்பி, ஏழு வருஷம் அந்தப் பக்கமே திரும்பவில்லை. முளை நீள நீளக் கல்லின் நடுப்புள்ளி அந்தப் பக்கம் இழுபட்டிருக்கிறது. கல்லு மேற்கே போயிருக்கிறது. நாங்கள் கருப்பு கிழக்கே போகிறது என்று எழுதியிருக்கிறோம்.

பக்கத்தில் ஜாஃபர் இல்லை, வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போயிருந்தார். கால்குலேட்டரை எடுத்து நானே போட்டுப் பார்த்தேன். இரண்டாம் முறையும் போட்டேன். நாங்கள் உதை என்று சொன்னதில் முக்கால்வாசிக்கு மேல் கல்லின் நடை. முழுசாகச் சொல்ல இரண்டாம் கல்லு வேண்டும், அதைத்தான் நான் கெட்டிக்காரத்தனமாகப் பிடுங்கி எறிந்துவிட்டேனே. எங்கள் அடுப்படிச் சுவர் இடிந்ததைப் பார்த்தவள், ஒரே கல்லை நம்பக்கூடாது என்று வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் படங்களை அச்செடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் சனிக்கிழமை காலையிலேயே தம்பி முருகேசன் போன். அவன் எழுமலையில் டயர் பஞ்சர் கடை வைத்திருக்கிறான்.

"அக்கா, உடனே கெளம்பி வா. ஒண்ணு காட்டணும்."

"என்னடா, அம்மாவுக்கு ஏதும் முடியலையா?"

"அதெல்லாம் அம்மா நல்லாத்தான் இருக்கு. நீ வா."

உசிலம்பட்டியில் பஸ் மாறி எழுமலையில் இறங்கினால், பஸ் நிறுத்தத்துக்கு எதிரே என் மூஞ்சி. இரண்டு ஆள் உயரத்துக்கு ஃப்ளெக்ஸ். என் அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கியிருந்தான். பின்னால் இணையத்தில் எடுத்த கருந்துளை. கீழே வரிசையாக அவனும் அவன் கூட்டாளிகளும் கூலிங்கிளாஸோடு, ஒருவன் காதில் செல்போனை வைத்தபடி. நடுவில் கொட்டை எழுத்தில், 'கருந்துளையின் வேகத்தைக் கண்டுபிடித்த எங்கள் அக்கா!'

"எப்புடி?" என்றான் முருகேசன்.

"இன்னும் புத்தகத்துலயே வரலையேடா!"

"அதான் வரப்போகுதுல்ல. கல்யாணத்துக்கு முன்னாலதான ஃப்ளெக்ஸ் வைப்பாக, முடிஞ்ச பெறகா வைப்பாக?"

அப்போது ஒரு பைக் வந்து நின்றது. மேலக்காட்டுக்காரர். அப்பாவும் அம்மாவும் ஆயுசுக்கும் கூலிக்குப் போனது இவர் வயலுக்குத்தான். அப்பாவை 'ஏலேய்' என்று கூப்பிட்டுத்தான் கேட்டிருக்கிறேன். என்னை 'ஏ புள்ள' என்பார், நான் வேலைக்குப் போன பிறகும். ஃப்ளெக்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"செல்வியா? நல்லாருக்கீகளா?"

'நல்லாருக்கியா' இல்லை, 'நல்லாருக்கீகளா'. அந்த மரியாதையை அப்பா கேட்காமலே செத்துப்போனார். நான் ஏதோ தலையாட்டினேன். பைக் போன பிறகு முருகேசன் என் கையைப் பிடித்து அமுக்கினான். அவனும் கவனித்திருந்தான்.

பைக்குள் படங்கள் இருந்தன. திங்கட்கிழமை அந்தக் கட்டுரையை அப்படியே அனுப்பிவிட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. வேறு யாராவது கண்டுபிடிக்க எத்தனையோ வருஷம் ஆகும், அதற்குள் நான் ஓய்வு பெற்றிருப்பேன். இப்படியெல்லாம் நினைத்தேன். நினைக்கவே இல்லை என்று எழுதினால் இதை எழுதுவதற்கே அர்த்தமில்லை. பஸ்ஸில் திரும்பும்போது முழு நேரமும் அதைத்தான் நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை சோறு இறங்கவில்லை.

திங்கள் காலை மேடம் இரண்டாவது பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தார். அச்சுப்படி மேசையில் தயாராக இருந்தது.

"வாங்க செல்வி. அனுப்பிரலாமா?"

நான் மேசைக்கு இந்தப் பக்கம் நின்று, அச்சுப்படியில் கருப்பின் வேகம் எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்தேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"எதுல இருந்து, மேடம்?"

சீவுவது நின்றது. என் முகத்தைப் பார்த்தார். படங்களை எடுத்து முதலிலிருந்து பதினான்கு வரை வரிசையாக மேசையில் வைத்தேன்.

"கல்லு நடந்திருக்கு, மேடம்."

எழுந்து நின்றார். ஒவ்வொரு படமாகக் குனிந்து பார்த்தார். அளவுகோலை எடுத்து முளை நீட்டியிருந்த திசையில் வைத்தார். அதே அளவுகோலைத் தூக்காமல் அப்படியே நகர்த்திக் கருப்பு போன திசையின் மேல் வைத்தார். ஒரே கோடு, திசைதான் நேர் எதிர். கீழே பாத்திரக்கடையில் யாரோ அண்டாவைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அளவுகோலைக் கீழே வைத்துவிட்டு மேடம் கேட்டார்.

"எப்பத் தெரியும்?"

"வெள்ளிக்கெழம."

"மூணு நாள் இத வச்சுக்கிட்டா இருந்தீங்க?"

"ஆமா மேடம்." அதற்கு மேல் தாங்கவில்லை, அழுதுவிட்டேன். "ரெண்டாம் கல்லு வேணாம்னு எழுதிக் குடுத்ததே நான்தான் மேடம்."

அவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து என் பக்கம் நகர்த்தி வைத்தார். பிறகு உட்கார்ந்து ஆய்விதழுக்குக் கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக என் கண்முன்னாலேயே எழுதி அனுப்பினார். அடுத்தது, தட்டுகளில் எட்டு மணி நேரம் கேட்டு விண்ணப்பம். அதில் இரண்டாம் கல்லின் எண்ணை எழுதி, கீழே இரண்டு கோடு போட்டார்.

இணையத்தில் ஏற்கெனவே போட்டிருந்தோமே, அங்கே ஒரு திருத்தக் குறிப்பு போட வேண்டும். மூன்றே வாக்கியம். மேடம் எழுதிக் காட்டினார். முதல் பெயர் அவருடையதாக இருந்தது.

"இது என்ன மேடம்? முதல் பேரு என்னோடதுன்னு சொன்னீங்க."

"அது அந்தக் கட்டுரைக்கு. இது தப்பு நடந்துருச்சுன்னு சொல்ற குறிப்பு. கையெழுத்துப் போட்டது நான். உங்க மொதப் பேரு இதுலயா வரணும்?"

"தப்பு என்னோடது. கண்டுபிடிச்சதும் நான்தான். நல்லதுன்னா என் பேரு முன்னால, கெட்டதுன்னா உங்க பேரு முன்னாலயா? இது என்ன நியாயம்?"

"செல்வி, கத்தாதீங்க."

"கத்துவேன் மேடம்."

முப்பது வருஷத்தில் அவரிடம் நான் குரலை உயர்த்தியது அந்த ஒரு முறைதான். தொழுகைத் தொப்பியைக் கையில் வைத்தபடி ஜாஃபர் வாசலிலேயே நின்றுவிட்டார். மேடம் பென்சிலை எடுத்துத் தன் பெயரிலிருந்து ஒரு அம்புக்குறி இழுத்துக் கடைசிக்குக் கொண்டுபோனார். என் பெயர் கடைசிவரை முதலில் நிலைத்த ஒரே எழுத்து, அந்த மூன்று வாக்கியம்தான்.

ஐந்து மாதம் கழித்து எட்டு மணி நேரம் கிடைத்தது. இரண்டாம் கல்லிலிருந்து அளந்து முதல் வருஷ அளவோடு ஒப்பிட்டோம், புதிதாகப் பிடித்த மூன்றாம் கல்லிலிருந்தும் சரிபார்த்தோம். கழிக்க வேண்டியதெல்லாம் கழித்தபோது மிச்சம் என்று சொல்ல ஏறக்குறைய ஒன்றுமில்லை. கருப்பு உதை வாங்கவில்லை. தன் நட்சத்திரம் செத்தபோது வெடிக்காமல், எதையும் சிதறவிடாமல், இருந்த இடத்திலேயே கருந்துளையாகியிருக்கிறது. அதைப் பற்றிய புதிய கட்டுரை பிறகு வந்தது. புது புரோகிராம் எழுதிய ஜாஃபர் பெயர் முதலில், என்னுடையது இரண்டாவது. கொஞ்சம் வருத்தமாக இருந்தது. கொஞ்சம்தான். அந்தப் புரோகிராமில்தான் ஜாஃபர் மூன்று கல்லு இல்லாவிட்டால் நிற்கும்படியும், நின்று மேடத்தின் கேள்வியைக் கேட்கும்படியும் எழுதிவைத்தார். அதை எடுக்கச் சொல்கிறவர்கள் என்னிடம் வந்து கேட்கட்டும்.

ஃப்ளெக்ஸ் விஷயத்தை முடிக்காமல் விடக்கூடாது. கட்டுரையைத் திரும்பப் பெற்ற அந்தத் திங்கட்கிழமை சாயங்காலமே முருகேசனுக்குப் போன் செய்தேன்.

"டேய், அந்த ஃப்ளெக்ஸக் கழட்டிரு."

"ஏன்க்கா?"

சொன்னேன். கல்லு நடந்ததை, நான் இரண்டாம் கல்லை எடுத்ததை, எல்லாவற்றையும். அவனுக்குக் குவாசர் தெரியாது, கல்லு தெரியும். "அப்ப அது ஓடலையா?" என்றான்.

"ஓடல போல. கழட்டிரு."

"சரிக்கா, பாத்துக்கிறேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனேன். ஃப்ளெக்ஸ் அங்கேயே நின்றது. அதே மூஞ்சி, அதே கருந்துளை, அதே கூலிங்கிளாஸ்கள். பழைய வரியின் மேல் புதிதாக ஒரு பட்டையை அச்சடித்து ஒட்டியிருந்தான். 'தான் செய்த தப்பைத் தானே கண்டுபிடித்து உலகத்துக்கே சொன்ன எங்கள் அக்கா!'

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. முருகேசன் சவுக்குக் கம்பில் ஏணியைச் சாத்தி, காற்றில் அவிழ்ந்த ஒரு முனையைக் கட்டிக்கொண்டிருந்தான்.

"ஏன்டா, ஒனக்கு மூளை இருக்கா? ஊரே கைகொட்டிச் சிரிக்காதா? மொதல்ல எறங்கு, கிழிச்சுப் போடுறேன்."

அவன் இறங்கவில்லை. கயிற்றைப் பல்லில் கடித்திருந்தவன், எடுத்துவிட்டுக் கீழே பார்த்தான்.

"சிரிக்கட்டும்க்கா. நம்ம அடுப்படிச் செவுத்த இடிச்சோம்ல? அப்பா சாகுற வரைக்கும், தப்பா அளந்துட்டோம்னு ஒருத்தன் வந்து சொன்னானா?"

நான் மேலக்காட்டுப் பக்கம் பார்த்தேன். அந்த வழியாக வருகிறவர்களுக்கு நேராகத் தெரியும்படிதான் ஃப்ளெக்ஸைத் திருப்பி வைத்திருந்தான்.

"ஏணி ஆடுது, பிடிச்சுக்கோக்கா" என்றான்.

பையைக் கீழே வைத்துவிட்டு, அவன் கட்டி முடிக்கும் வரை ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.